ஒண்டிக்கட்டைக்கு என்ன செலவு?

சிலி நாட்டு வால்பரைசோ பஸ் நிலையத்தில் மிரேயாவும் நானும் இருபத்திரண்டு வருஷம் அடுத்தடுத்த கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தோம். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, அவ்வளவுதான். அவளுக்குத் தலைவலி என்றால் மாத்திரை என் கைப்பையிலிருந்து போகும். எனக்குப் புருஷனோடு சண்டை என்றால் நான் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாள் காலையில் டிரைவர் தூலியோ பேப்பரை விரித்துக்கொண்டே வந்தான்.

"இங்க பாருங்கம்மா, இந்த ஊர்ல ஒத்த ஆளு கவலையில்லாம வாழ மாசம் எவ்வளவு வேணும்னு போட்டிருக்கான்."

தொகையைப் படித்தான். எங்கள் சம்பளத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

"அப்ப நாமெல்லாம் எப்பவோ செத்திருக்கணும்" என்றேன் நான்.

"நீ வேணா சாவு நோரா, உனக்குக் குடும்பம் இருக்கு. மிரேயாவுக்கு எதுக்கு இவ்வளவு? ஒண்டிக்கட்டை. புருஷன் இல்ல, புள்ள இல்ல. காலைல ஒரு ரொட்டி, சாயங்காலம் ஒரு டீ. மிச்சமெல்லாம் பேங்க்ல குட்டி போடும்."

மிரேயா சில்லறையை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஆமா தூலியோ. எனக்குன்னா கடைக்காரன் ஒத்தச் செருப்பத் தனியா விக்கிறான், பாதி விலைக்கு. கேஸ்காரனும் அப்படித்தான், பாதி சிலிண்டர் கொண்டாந்து போடுறான்."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் மதியம் தூலியோவிடம் அந்தப் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அப்பா அம்மா விட்டுப்போன வீடு மலைமேல் இருந்தது. மரச்சுவர், தகரக் கூரை, எங்கள் ஊரில் எல்லா வீடும் அப்படித்தான். அதில் தம்பி நெல்சன், அவன் பெண்டாட்டி கிளாடிஸ், மகள் ஸ்கார்லெத், இரட்டைப் பையன்கள் இரண்டு பேர். இருந்த இரண்டு அறையும் அவர்களுக்குப் போய்விட்டது. மிரேயாவின் கட்டில் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த நடையில் கிடந்தது. மறைப்புக்கு ஒரு திரைச்சீலை. ராத்திரி யாருக்கு ஒன்றுக்கு வந்தாலும் அவள் கால்மாட்டைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். கிளாடிஸ் இவள் துணியையும் சேர்த்துத்தான் துவைப்பாள். வேலை முடிந்து இவள் நேரமாகி வந்தால் தட்டு மூடி வைத்திருக்கும். ஆனால் பையன்களுக்குச் செருப்பு பிய்ந்தால், பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றால், நெல்சனுக்கு வேலை போனால், அந்த வீட்டில் எல்லோர் வாயிலும் வருவது ஒன்றுதான்: "அத்தைகிட்ட கேளு." சம்பளம் வாங்கிய வாரத்திலேயே அதில் பெரும்பாகம் கிளாடிஸ் கைக்குப் போய்விடும். என்றைக்காவது மிரேயா முகம் சுளித்தால் நெல்சன் சிரித்துக்கொண்டே கேட்பான்: "என்னக்கா, உனக்கென்ன செலவு இருக்கு?"

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். வயிற்றில் தையலோடு வந்து நடையில் படுத்தாள். பையன்கள் பந்தைத் துரத்திக்கொண்டு அவள்மேல் மோதினார்கள். நெல்சன் குளியலறைக் கதவைச் சாத்தாமல் முகம் மழித்தான். கிளாடிஸ் எண்ணெய் காயவைத்தால் புகை நேராக அவள் மூக்குக்கு வந்தது. அவள் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்குத் திரும்பிய அன்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

"நோரா, நான் தனியாப் போயிடப் போறேன்டி. ஒரு ரூம், ஒரு ஜன்னல். அழணும்னா கதவைச் சாத்திக்கிட்டு அழணும். அதுக்கு எவ்வளவு ஆகும்னு பாக்கறேன்."

நான் அவளோடு வீடு பார்க்கப் போனேன். பெரும்பாலும் ஈரச் சுவர், இல்லையென்றால் ஜன்னல் இல்லாத பொந்து. கடைசியில் ஒரு மாடிவீடு அமைந்தது. மூன்றாவது மாடி, ஒரே அறை, மூலையில் அடுப்பு. ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் முழுக்கத் தெரிந்தது. வீட்டுக்காரி இர்மா அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்க ரெண்டு பேருக்குமா?"

"இல்லம்மா, எனக்கு மட்டும்" என்றாள் மிரேயா.

"புருஷன்?"

"இல்ல."

"வாடகையப்போல மூணு பங்கு சம்பளம் காட்டணும்மா. ஜோடியா வந்தா ரெண்டு சம்பளத்தையும் சேத்துக்குவேன். தனி ஆளுன்னா ஒத்த சம்பளம்தானே? நாளைக்குப் படுத்துட்டா யாரு குடுப்பா?"

"அப்ப தனியா இருக்கறவங்க எங்க போறது?"

"அதை எங்கிட்ட கேட்டா? நானும் தனி ஆளுதான். அதான் வாடகைக்கு விடறேன்."

மிரேயாவின் சம்பளம் இரண்டு பங்குக்குக்கூட வரவில்லை. அவள் விடவில்லை. சனி ஞாயிறுகளில் ஒரு ரொட்டிக் கடையில் நின்றாள். விடியற்காலையில் போய் மாவு மூட்டை பிரிப்பதிலிருந்து சாயங்காலம் தரை துடைப்பதுவரை. தையல் போட்ட வயிற்றோடு அப்படி நிற்காதே என்று நான் திட்டினேன். கேட்டால்தானே? வசந்தம் முடிவதற்குள் இரண்டு சம்பளச் சீட்டையும் இர்மா அம்மாவிடம் நீட்டினாள். இன்னமும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் கிழவி வேலையில் காய்த்துப்போன அவள் கையைப் பார்த்தாளோ, என்னவோ, கூடுதலாக ஒரு மாத முன்பணம் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால டீ. ரொட்டி, நசுக்கிய அவகாடோ, எல்லோரும் மேஜையைச் சுற்றி.

கிளாடிஸ்தான் முதலில் வாய் திறந்தாள். "நாங்க என்ன குறை வச்சோம் அண்ணி?"

"ஒரு குறையும் இல்ல கிளாடிஸ்."

"பின்ன? தெருவுல என்ன பேசுவாங்க? நாத்தனாரைத் துரத்திட்டான்னு என்னைத்தானே பேசுவாங்க?"

நெல்சன் கோப்பையைத் தள்ளி வைத்தான். "அங்க போய் யாருக்கு ஆக்கிப் போடப் போற? உனக்கு நீயேவா? அந்த வாடகைய இங்க குடுத்தா மேல ஒரு ரூம் கட்டலாமே."

"கட்டினா அது யாருக்குடா?"

அவன் தள்ளி வைத்த கோப்பையை மறுபடி எடுத்துக்கொண்டான். இரட்டையர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த மாடிவீட்டில் அவள் இருந்தது ஐந்தாறு மாதம்தான். அந்த நாட்களில் அவள் கவுண்டருக்கு வந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு முழு அவகாடோவைத் தானே தின்றதாகச் சொல்வாள். "பாதி யாருக்காவது எடுத்து வைக்கணுமேன்னு கை தானா நின்னுது நோரா. அப்புறம்தான் ஞாபகம் வந்து மிச்சத்தையும் தின்னேன்." குளியலறைக் கதவைத் திறந்துபோட்டுக் குளித்ததாகச் சொல்லி வெட்கப்பட்டுச் சிரிப்பாள். வீட்டுக்கு அனுப்பும் பணத்தையும் நிறுத்தவில்லை, குறைத்துக்கொண்டாள். நெல்சன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் பதினேழு வயது ஸ்கார்லெத் அம்மாவுக்குத் தெரியாமல் வெள்ளிக்கிழமைகளில் அத்தை வீட்டுக்கு வருவாள். ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொள்வாள். அத்தைக்கும் பூசிவிடுவாள். மறுநாள் ரொட்டிக் கடையில் அதைச் சுரண்டி எடுக்கவேண்டியிருக்கும். இருந்தும் மறு வெள்ளிக்கிழமை மிரேயா கையை நீட்டுவாள்.

கோடையில் மலையில் தீப்பிடித்தது. எங்கள் ஊரில் காற்றடிக்கிற நாளில் ஒரு பொறி போதும். பிற்பகல், கவுண்டரில் கூட்டம். யாரோ மலைப் பக்கம் கையைக் காட்டினார்கள். வானம் செங்கல் நிறத்தில் இருந்தது. மிரேயா டிக்கெட்டுக்கு நீட்டிய பணத்தை வாங்காமலேயே எழுந்து ஓடினாள். நான் இரண்டு கவுண்டரையும் சாத்திவிட்டுப் பின்னால் ஓடினேன்.

பாதி மலையில் போலீஸ்காரர்கள் மறித்துவிட்டார்கள். மேலேயிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள், மெத்தை, நாய், டிவி, குழந்தை என்று கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "எங்க ஆளுங்களப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்து முற்றத்தில் கண்டுபிடித்தோம். ஐந்து பேரும் கரி அப்பிய முகத்தோடு வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வீடு மிஞ்சவில்லை. மிரேயா ஒவ்வொருவர் தலையையும் தொட்டுப் பார்த்தாள், சந்தையில் பழம் பொறுக்குவதுபோல் அழுத்தி அழுத்தி. பிறகு நெல்சனைக் கட்டிக்கொண்டாள்.

"வாங்கடா, வீட்டுக்குப் போகலாம்."

"எந்த வீட்டுக்குக்கா?" என்று கேட்டு அவன் ஓவென்று அழுதான்.

ஒரே அறையில் ஆறு பேர். கட்டில் நெல்சனுக்கும் கிளாடிஸுக்கும், தரை பிள்ளைகளுக்கு. மிரேயா அடுப்புக்குப் பக்கத்தில் போர்வையைச் சுருட்டிப் படுத்தாள். அவள் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தாள் என்று நினைக்கிறேன். பெரிய பானையில் பயறுக் கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றியதைச் சொல்லும்போது அவள் முகம் அப்படி இருந்தது.

ஆனால் கீழ்வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொல்ல, இர்மா அம்மா ஏறி வந்தாள்.

"பாவம்தான். என் மனசும் கல்லு இல்ல. ஆனா ஒப்பந்தம் ஒரு ஆளுக்குத்தானே? ஒண்ணு செய்யலாம். உன் தம்பிக்கும் சம்பளம் வருது, அவன் பொண்டாட்டியும் வீட்டு வேலைக்குப் போறேங்கறா. அவங்க பேர்ல எழுதிடறேன். குடும்பமா இருந்துக்கட்டும். ஆறு பேரு முடியாது, அஞ்சு பேருன்னா கண்ண மூடிக்கறேன்."

ஆறாவது யார் என்று யாரும் கேட்கவில்லை. கிளாடிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். நெல்சன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: "கொஞ்ச நாளுதான்க்கா. நீ ஒரு ஆளு, எங்க வேணாலும் இருந்துக்கலாம். இதுகளை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

மிரேயா கையெழுத்துப் போட்டாள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய விடுதி. ஓர் அறையில் மூன்று பெண்கள். தலைமாட்டில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி. அங்கே போனாள். தீக்குப் பிறகு ஊரில் பாதிப்பேர் வீடு தேடினார்கள், வாடகை ஏறிக்கொண்டே போனது. ரொட்டிக் கடையில் அவள் சம்பாதித்தது இப்போது பையன்களின் சீருடைக்கும் புத்தகத்துக்கும் போயிற்று. எரிந்ததை எல்லாம் திரும்ப வாங்க வேண்டியிருந்ததே.

அரசாங்கம் வீடு கட்டிக் கொடுக்க முன்வந்தது. எரிந்த வீடுகளில் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணிக்கொண்டு போனார்கள். ஒரு வருஷம் கழித்து வேலை தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நெல்சன் வரைபடத்தை மேஜைமேல் விரித்துக் காட்டினானாம். நான் அன்று இல்லை. மிரேயா மறுநாள் சொன்னதுதான்.

"இது எங்க ரூம், இது ஸ்கார்லெத்துக்கு, இது பசங்களுக்குன்னு விரல வச்சுக் காட்டினான். எனக்கு எங்கடான்னு கேட்டேன். 'உன்னை அவங்க கணக்குல எடுக்கலக்கா. நீதான் முன்னாடியே விலாசத்தை மாத்திட்டியே'ன்னான். 'ஹால்ல ஒரு சோபா போடுவோம், இழுத்தா கட்டிலாயிடும்'னு கிளாடிஸ் சொன்னா. பாசமாத்தான் சொன்னா நோரா. நல்ல மெத்தையாப் பாத்து வாங்கறேன்னா."

"நீ என்ன சொன்ன?"

"நீலக் கலர்ல வாங்குன்னேன்."

பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வரிசையில் நின்ற ஆள் ஜன்னலைத் தட்டினான். அவனுக்கு டிக்கெட்டை நான் கொடுத்தேன்.

அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோனதும் மிரேயா நேரே இர்மா அம்மாவிடம் போய் நின்றாள். அந்த அறைக்கு ஒரு இளம் ஜோடி ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டது. "ரெண்டு சம்பளம்மா" என்றாளாம் கிழவி, மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அந்த மாதமே மிரேயா தெற்கே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். சிலோயே தீவில் அங்குத் என்ற சிற்றூர். எங்கள் கம்பெனிக்கு அங்கே ஒரே ஒரு கவுண்டர். வருஷத்தில் முக்கால்வாசி மழை என்று யாரும் போகமாட்டார்கள். மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தாராம். "அங்கே இதே சம்பளத்துல ஒரு ஆளு வாழலாம் சார்" என்றாளாம் அவள்.

அவள் போன சாயங்காலம் நெல்சன் வரவில்லை. கோபம். கிளாடிஸும் ஸ்கார்லெத்தும் வந்தார்கள். ஸ்கார்லெத் பஸ் படியில் தொங்கிக்கொண்டு, "லீவுக்கு வருவேன் அத்தை, சத்தியமா" என்றாள். அத்தனை வருஷம் அந்த ஊருக்கு டிக்கெட் கிழித்த மிரேயா, கூத்துப் பார்க்கப் போகிற பிள்ளைபோல் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எங்களைப் பார்த்தாள்.

மூன்று வருஷம் கழித்துத்தான் எனக்கு லீவு வாய்த்தது. விடிய விடிய பஸ்ஸில் போய், அப்புறம் பஸ்ஸையே படகில் ஏற்றிக் கடலைக் கடந்து, அங்குத்தில் இறங்கினேன். மிரேயா குடையோடு நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கன்னம் சிவந்திருந்தது.

மரவீடு. இரண்டு அறை, விறகடுப்பு, இரண்டு ஜன்னல். வாடகை எங்கள் ஊரில் பாதிகூட இல்லை. தோட்டத்தில் உருளைக்கிழங்கு போட்டிருந்தாள். சனி ஞாயிறு வேலை கிடையாது. கம்பளியில் ஒரு நல்ல கோட்டு, தனக்கென்று வாங்கியது, ஆணியில் தொங்கியது. அவள் காட்டக் காட்ட எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ராணி மாதிரி இருக்கடி" என்றேன்.

"இருக்கேன். எதுக்கும் குறைவில்ல." உருளைக்கிழங்கைத் துருவத் தொடங்கினாள். "சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கடையடைக்கறாங்க நோரா. அப்புறம் மறுநாள் காலைல யாராவது டிக்கெட் கேக்கற வரைக்கும் நான் வாயே திறக்கறதில்ல. ஒரு நாளு முதல் ஆளுக்குப் பதில் சொல்றேன், குரலே வரல. தண்ணி குடிச்சிட்டுச் சொன்னேன்."

"நெல்சன் பேசறானா?"

"போன வருஷம் பேசினான். டாக்சி ஓட்டக் காரு வாங்கணுமாம், என் பேர்ல பேங்க்ல கடன் எடுத்துக் குடுன்னான். முடியாதுடான்னேன். பொறந்ததுலேருந்து அவன்கிட்ட முதல் தடவையா சொன்னேன். 'ஒண்டிக்கட்டை, உனக்கு என்னக்கா அப்படிச் செலவு?'ன்னான். போனை வச்சிட்டேன். அதுக்கப்புறம் பேசல. நான் கூப்பிட்டாலும் எடுக்கல."

நான் பேச்சை மாற்ற நினைத்தேன். அதுதான் வினையாகிவிட்டது. கைபேசியை எடுத்து, "சரி, இதைப் பாரு. நீ தூரத்துல இருக்கறதால வரமுடியலன்னு நினைச்சேன். கல்யாணத்துல ஸ்கார்லெத் எவ்வளவு அழகா இருந்தா தெரியுமா" என்று படத்தை நீட்டினேன்.

துருவிக்கொண்டிருந்த கை நின்றது.

"யாரு கல்யாணம்?"

 கிளாடிஸ் என்னைக் கூப்பிட்டிருந்தாள், பஸ் நிலையத்தில் தூலியோவைக்கூடக் கூப்பிட்டிருந்தாள். இவளைக் கூப்பிடாமல் இருப்பார்கள் என்று யார் நினைப்பார்கள்?

மிரேயா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கைபேசியை வாங்கினாள். இரண்டு விரலால் படத்தை விரித்து ஸ்கார்லெத்தின் முகத்தைப் பெரிதாக்கினாள்.

"இளைச்சிருக்கா" என்றாள். பிறகு: "மாப்பிள்ளை என்ன பண்றான்?"

"துறைமுகத்துல வேலை."

"நல்ல பையனா?"

"நல்ல பையன்தான்."

"கிளாடிஸ் முடிக்குச் சாயம் போட்டிருக்கா போலருக்கு. நல்லாருக்கு அவளுக்கு. பசங்க ரெண்டும் என்னா உயரம்!" ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "சாப்பாடு என்ன போட்டாங்க?"

"சுட்ட மாட்டுக்கறி, சாலட், கேக்கு..."

"கேக்கு எங்க வாங்கினாங்க?"

"தெரியலடி."

"நம்ம ரொட்டிக் கடையில சொன்னா விலை குறைச்சுக் குடுத்திருப்பாங்க" என்றாள். கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, விறகு எடுத்து வருகிறேன் என்று பின்கட்டுக்குப் போனாள்.

வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். மழையில் விறகுக் குவியலுக்கு முன்னால் நின்றிருந்தாள், கை நிறைய விறகோடு. முதுகு குலுங்கியது. நான் அவள் கையிலிருந்ததை வாங்கக் கிட்டே போனேன்.

"உள்ள போ நோரா, நனையாத. நீ பஸ்ஸுல வந்த உடம்பு."

அன்று உருளைக்கிழங்கு அடை சுட்டோம். நிறையச் சுட்டுவிட்டாள். இரண்டு பேரால் தின்று தீரவில்லை.

நான் கிளம்பும்போது ஒரு பொட்டலம் கொடுத்தாள். நல்ல பருத்தியில் இரட்டைக் கட்டிலுக்கு ஒரு விரிப்பு, இரண்டு தலையணை உறை. "ஸ்கார்லெத்கிட்ட குடு. அவ அப்பன் இல்லாத நேரமாப் பாத்துக் குடு."

அப்படியே கொடுத்தேன். ஸ்கார்லெத் அதைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "அத்தைக்கு அப்பா சொல்லி அனுப்பினாராம், அவங்க வரமாட்டேன்னுட்டாங்கன்னு சொன்னாரு. எம்மேல கோவமாக்கும்னு இருந்தேன்" என்றாள். இன்றைக்கே பேசுகிறேன் என்று நம்பரை என்னிடம் வாங்கிக்கொண்டாள்.

மிரேயா இன்னமும் அங்குத்தில்தான் இருக்கிறாள். அங்கே போய்வந்த பிறகு வாரத்துக்கு ஒரு தடவை நான் கூப்பிடுகிறேன். மழையைப் பற்றிச் சொல்வாள், கிழங்கு விளைந்ததைச் சொல்வாள். ஸ்கார்லெத் பேசினாளா என்று கேட்டால், "புதுசாக் குடித்தனம் பண்றவ, அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்பாள். இப்போதெல்லாம் நான் அதைக் கேட்பதில்லை.